அரக்கனின் கொடுமையை அளந்த நாள்

1. புகார்

என் உத்தியோகத்தில் நான் எழுதிய அறிக்கைகள் பெரும்பாலும் மழை, கொழுந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரம் பற்றியவை. ஒன்று மட்டும் ஓர் அரக்கனைப் பற்றியது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேர் கூப்பிடும் பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, கணக்கப்பிள்ளை வேலுச்சாமி ஆபீசுக்கு வந்தார். கொழுந்தெடுக்கும் பெண்களை மலையில் நின்று வேலை வாங்குபவர் அவர். தொப்பியைக் கூடக் கழற்றவில்லை; கறுப்புக் குடை கையிலேயே இருந்தது.

"கிளாக்கரய்யா, கொழுந்தெடுக்குற ராக்கம்மா பேர வெட்டணும்."

"என்ன செஞ்சா?"

"லயத்துப் புள்ளைங்களுக்குக் கதை சொல்றா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஏழு மலைக்கு அங்கிட்டு ஒரு அரக்கனாம். பொம்பளைங்களப் புடிச்சாந்து பொன் எலை பறிக்கச் சொல்லுவானாம். கூடை நெறையலேன்னா கல்லாக்கிடுவானாம். அவனுக்குத் தொப்பி, கறுப்புக் குடை. பேசுறதுக்கு முன்னால ரெண்டு தடவ செருமுவானாம்." சொல்லிவிட்டு இரண்டு முறை செருமினார். "நேத்து ஸ்கூல் விட்டு வந்து எம் மக கேக்குறா, 'அப்பா, அந்த அரக்கன் நீங்களா?'ன்னு."

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் இறங்கியதைக் கவனித்தேன். 

நிர்வாகியான வெள்ளைக்காரத் துரை விஷயத்தைக் கேட்டார். தோட்டத்துக்கு வந்து பழகிய தமிழில் உத்தரவு போட்டார்: "கிளாக்கர், நீ கதை கேளு. அரக்கன் கணக்கப்பிள்ளை மாதிரியா, எழுது. அதே ஆள்னா பேர் வெட்டு."

பேர் வெட்டினால் வேலை மட்டும் போகாது, லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் போகும். ராக்கம்மாவுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை.

2. என் யோசனை

அன்று மாலை கொழுந்து நிறுத்து முடிந்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு விசாரணையில கதை சொல்லும்போது அரக்கனை இன்னும் மோசமாக்கு. பச்சப்புள்ளயத் தின்னான், எலும்பக் கடிச்சான்னு சொல்லு. அம்புட்டுக் கொடுமை எந்த மனுசனுக்கும் பொருந்தாதுன்னு நான் எழுதிடுறேன்."

"சரிங்கய்யா" என்றாள். அவள் முகத்தில் சம்மதம் இல்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

3. விசாரணை

மறுநாள் ஆபீஸ் வராந்தா. வேலுச்சாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாளில் கோடு போட்டு இரண்டு பத்தியாக்கினேன்: இடதுபக்கம் அரக்கன், வலதுபக்கம் கணக்கப்பிள்ளை. தொப்பி, குடை, செருமல் மூன்றையும் முதலிலேயே எழுதிக்கொண்டேன்.

ராக்கம்மா நின்றபடியே சொன்னாள். கல்லாக்கினான், சரி. எலும்பைக் கடித்தான், மிகவும் சரி. என் பேனா வேகமாக ஓடியது. பிறகு அவள் சொன்னாள்:

"உச்சிப் பொழுதுல பள்ளத்துல இருந்து கைப்புள்ள அழுகுற சத்தம் கேட்டுச்சு. அரக்கன் தடியக் கீழ வச்சான். 'போயிப் பால் குடுத்துட்டு வா. நீ வர்ற வரைக்கும் கூடை அப்படியே இருக்கட்டும்'னான்."

பேனா நின்றது. என் அறிக்கை அங்கேயே உடைந்துவிட்டது. "ஏம்மா, அவன் அரக்கன்தானே? எதுக்கு விட்டான்?"

"எல்லாமே கெட்டதாச் சொன்னாப் புள்ளைங்க நம்பாதுங்கய்யா. அரக்கனாயிருந்தாலும் அவனும் ஒருத்திகிட்டப் பால் குடிச்சவன்தானே."

வேலுச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அதெப்படி? மலையில நிக்கிறவள நடுவுல எறக்கி விட்டா வேல என்னத்துக்கு ஆகும்? நான் ஒருத்தியக் கூட விட்டதில்ல!"

அவருக்கே தான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். செருமினார், ஒரே ஒரு முறை.

நான் கல்லையும் எலும்பையும் அடித்துவிட்டு, நான்காவது வரியில் எழுதினேன். இடப்பக்கம்: "பால் கொடுக்க விடுகிறான்." வலப்பக்கம்: "விட்டதில்லை. அவரே சொன்னது." அடியில் முடிவு: "மூன்றில் ஒற்றுமை. நான்காவதில் இல்லை. ஆகவே இருவரும் ஒரே ஆள் அல்லர்."

4. பிறகு

துரை அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார். நான்காவது வரியில் விரலை வைத்தபடி கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். "அரக்கன் விடுறான். நீ விடுறதில்ல?" அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ராக்கம்மாவின் பேர் வெட்டப்படவில்லை. அடுத்த திங்கள் பெரட்டில், பால் கொடுக்கும் பெண்கள் பகலில் ஒரு தரம், கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கிப் போய் வரலாம் என்று வாசிக்கப்பட்டது. வாசித்தவர் வேலுச்சாமிதான்.

சில வாரம் கழித்து, நிறுவை நடக்கும்போது அவர் அவளிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஏ புள்ள, ஒன் அரக்கன் இன்னும் தொப்பி போட்டிருக்கானா?"

"தொப்பி இருக்குங்க. குடையத்தான் எடுத்துட்டேன்."

"மழைக்கு என்ன செய்வான்?"

"நனையட்டுங்க."

அவர் சிரித்துவிட்டார்.

அவளைக் காப்பாற்ற நினைத்து அரக்கனைப் பெரிதாக்கச் சொன்னவன் நான். அவன் கொடுமையைச் சரியாக அளந்தவள் அவள். அதன் பிறகு எவரைப் பற்றிக் குறை எழுத நேர்ந்தாலும், அவர் செய்த பிழைகளை எழுதி முடித்ததும் ஒரு வரி காலியாக விடுவேன். அவர் யாரை, எப்போது இரங்கிப் போக விட்டார் என்று விசாரித்து நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுவேன்.