ரசத்தில் நனைந்த கடிதம்

மலேசியாவின் கூலிமில் சாப்பாட்டு டப்பா செய்யும் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். மூடிய டப்பாவைத் தண்ணீருக்குள் அமுக்கி, ரப்பர் வளையம் கசிகிறதா என்று பார்ப்பது லெட்சுமியின் வேலை. ஒருநாள் பாதி டப்பாக்களை ஒதுக்கிவிட்டார்.

“கண்ணாடிய மாத்தும்மா,” என்றேன்.

“கண்ணு சரியாத்தான் இருக்கு அண்ணே. குமிழி வருது லா.”

வாசலில் லாரி காத்திருந்தது. சோதிக்காமலேயே எல்லாம் சரி என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். லெட்சுமிக்கு மூன்றாவது எச்சரிக்கைக் கடிதமும் எழுதினேன். அதைக் கொடுத்தால் அவர் வேலை போய்விடும்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் என் பைக்குள் அந்தக் கடிதம் இருந்தது. பக்கத்தில், லெட்சுமி ஒதுக்கியதில் நான் வீட்டுக்கு எடுத்துப்போன டப்பா ஒன்றில் என் மனைவி ஊற்றிய ரசம். இறங்கும்போது பஸ்ஸே மணத்தது. கடிதத்தில் அவர் பெயரும் என் கையெழுத்தும் மட்டுமே மிஞ்சியிருந்தன.

மேசையில் காயப்போட்டதை லெட்சுமி எடுத்து முகர்ந்தார்.

“நான் ஒதுக்கின டப்பாவா அண்ணே? புளி தூக்கல் லா.”

கடிதத்தைக் கிழித்தேன். டப்பாக்களைத் திரும்ப வரவழைத்தேன். ஆனால் குறையைக் கண்டுபிடித்தது நான்தான் என்று மேலாளரிடம் சொல்லி, பாராட்டும் வாங்கிக்கொண்டேன். லெட்சுமி அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த டப்பாவைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

நான் ஓய்வுபெற்ற அன்று ஒரு டப்பாவைப் பரிசாகக் கொடுத்தார். “நானே அமுக்கிப் பாத்துட்டேன் அண்ணே.”

இன்றுவரை ஒரு சொட்டு கசியவில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.