ஜப்பான்காரர் படத்துக்கு வாய் கொடுத்த கதை

ஊமைப் படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வதைப் போல வாய் வலிக்கிற வேலை இன்னொன்று கிடையாது. தூங்குகிற வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களும், கலியாண வீட்டில் மைக் பிடித்து வரவேற்புரை ஆற்றுபவர்களும் என் கஷ்டத்தை ஓரளவு உணர்வார்கள்.

ஜப்பானில் சினிமா பிறந்த காலத்தில் படமெடுத்த டைரக்டர் ஒருவர். அப்போது படத்தில் பேச்சு கிடையாது. திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று எல்லாருக்குமாகப் பேசுவார். அந்த டைரக்டருடைய வாள்சண்டைப் படம் ஒன்றை அதே பாணியில் தேயிலைத் தோட்டம் தோட்டமாகக் காட்டித் தமிழில் பேசுவதற்குக் கொழும்பில் ஒரு கலை அமைப்பு என்னைப் பிடித்தது. டியூஷனுக்குப் பிள்ளைகள் குறைந்துபோயிருந்த நேரம், நானும் பிடித்துக்கொண்டேன். வேனும் ப்ரொஜெக்டரும் ஹட்டனில் சவுண்ட் செட் கடை வைத்திருக்கும் ரவூப் நானாவுடையவை. நிபந்தனை ஒன்றுதான்: சனம் கடைசிவரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நோட்டன் பிரிட்ஜ் காட்சிக்கு அந்த அமைப்பை நடத்தும் கொழும்பு மேடம் நேரிலேயே வருவார். சனம் பாதியில் எழுந்துபோனால் வேலையும் போகும்.

மறைந்த ஆள்

முதல் காட்சி கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். டைரக்டரின் வாழ்க்கையிலிருந்து ஆரம்பித்தேன். நாடகக் கொட்டகை நடத்தியவர், கோயில் முற்றத்தில் நடிகர்களை நிறுத்திப் படம்பிடித்தார். ஒருநாள் ஃபிலிம் தீர்ந்து, புது ஃபிலிம் மாட்டுகிற நேரத்தில் ஒரு நடிகர் ஒன்றுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, வேலை தொடர்ந்தது. போட்டுப் பார்த்தால் திரையில் அந்த ஆள் மட்டும் சட்டென்று மாயமாகிறார்! மனுஷன் கோபப்படவில்லை. அதையே வித்தையாக வைத்து மந்திரவாதிப் படங்களாக எடுத்துத் தள்ளினார்.

கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினேன். கொழுந்து எடுத்த களைப்போடு முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்: "இது என்னாங்க அதிசயம்? எங்கள வேல வாங்குற கண்டாக்கையா மழை தூறுனா போதும், மலையில நின்ன எடத்துலயே மறைஞ்சிருவாரு!"

கதாநாயகியின் நடை

அந்தக் காலத்து ஜப்பான் படங்களில் பெண் வேஷமும் ஆண்களுக்குத்தான். சனம் அதிர்ச்சி அடையுமே என்று நீண்ட விளக்கம் தயாரித்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போயிருந்தேன். யாருக்கும் அதிர்ச்சி இல்லை. மாசிக்கு மாசி காமன் கூத்தில் ஆம்பிளை ரதியைப் பார்க்கிற சனத்துக்கு இது ஒரு விஷயமா? அந்தத் தோட்டத்தில் வருஷா வருஷம் ரதி வேஷம் கட்டும் அண்ணன் ஒருவர் திரைக்குப் பக்கத்திலேயே வந்து நின்று கதாநாயகியை மேலும் கீழும் பார்த்தார். "நடை சரியில்லைங்க. குனியிறப்ப ஆம்பள இடுப்பாவே நிக்குது" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. சரியான நடையைக் காட்டுகிறேன் என்று சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். மண்டபம் மொத்தமும் அவர் பின்னால் போய்விட்டது. கதாநாயகி வெறும் நாற்காலிகளைப் பார்த்து அழுதாள். நானும் அழுகிற நிலையில்தான் இருந்தேன். நானா வாசலில் நின்று ரசித்துவிட்டு வந்து சொன்னார்: "மாஸ்டர், அடுத்த தடவ படத்த வச்சிட்டு அவரக் கூட்டிட்டுப் போவோம். கரண்டும் மிச்சம்."

தொலைந்த முடிவு

அந்த டைரக்டர் எடுத்ததில் பெரும்பங்கு அழிந்துபோய்விட்டது. எங்கள் படத்துக்கும் கடைசிப் பகுதி இல்லை. கோயில் படிக்கட்டில் வில்லனான பிரபுவின் ஆட்கள் கதாநாயகனைச் சுற்றி வளைத்து வாளை ஓங்குவார்கள். உடனே திரை வெள்ளை. "மீதி உலகத்தில் எங்குமே கிடைக்கவில்லை" என்று நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். பிறகு தோட்டத்துத் தலைவர் எழுந்தார். அவருக்கு உண்மையிலேயே கவலை: "காணாமப் போச்சுன்னா, பொலிஸ்ல ஒரு என்ட்ரி போட்டீங்களா இல்லியா?"

நோட்டன் பிரிட்ஜ்

முடிவில்லாத படம் என்ற பேர் எங்கள் வேனுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. நோட்டன் பிரிட்ஜில் சனம் வந்ததே மழைக்கு ஒதுங்கத்தான் என்று நினைக்கிறேன். முன்வரிசையில் சால்வை போர்த்திய மேடம். கதாநாயகன் படிக்கட்டில் கால் வைத்தான், கரண்ட் போனது. பக்கத்திலேயே அணை கட்டி மின்சாரம் தயாரிக்கிறார்கள், எங்களுக்கு ஒரு சொட்டு இல்லை.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில், இருட்டில் நின்றபடியே பேச ஆரம்பித்தேன். பிரபுவாகக் கத்தினேன், கதாநாயகியாக அழுதேன், வாள் சத்தமும் என் வாயாலேயே. நாற்காலிகள் அடங்கின. படம் அறுந்துபோகிற இடமும் வந்தது. நிறுத்தினால் தொலைந்தேன். "வாளை ஓங்கினார்கள்... வெட்டினார்கள்... நின்ற இடத்தில் ஆளைக் காணோம்!" என்றேன்.

"எங்கங்க போனான்?" என்று இருட்டிலிருந்து ஓர் அம்மா பதறினார்.

"ஒன்றுக்குப் போயிருப்பான். இருங்கள், வருவான்!"

மண்டபம் சிரிப்பில் ஆடியது. அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து பிரபுவுக்குப் பின்னால் நிறுத்துகிற நேரம் பார்த்துக் கரண்ட் வந்து தொலைத்தது. வெளிச்சத்தில் பார்த்தேன். ஒருவரும் போகவில்லை. மேடம் நாற்காலி நுனியில் இருந்தார். ப்ரொஜெக்டரைத் தட்டிவிடப் போன நானாவைப் பார்த்துப் பின்வரிசைக் கங்காணி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "நானா, அந்த லைட்ட அமத்துங்க! மாஸ்டர் மொதல்ல அந்தப் பிரபுவ முடிக்கட்டும்!"

என் வேலை தப்பிவிட்டது, ஆனால் மேடத்தின் புது உத்தரவுப்படி இனி ஒவ்வொரு தோட்டத்திலும் கதாநாயகன் படிக்கட்டில் கால் வைத்ததும் நானாவே மெயின் சுவிட்சை அமர்த்திவிட வேண்டுமாம்.