குறுக்கே வந்த ஆள்

என் அண்ணன் க்ளிஃபோர்டைப் பற்றி யாராவது, “தங்கமான மனுஷன், ஒரு வம்புக்கும் போகமாட்டார்” என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வம்புக்குப் போக அவனுக்கு நேரம் ஏது? பதினாறு வயதில் தண்டவாளத்தின் ஓரம் கேமராவோடு போய் நின்றவன், எழுபத்தாறு வயதிலும் அங்கேயேதான் நிற்கிறான். நீராவி வண்டிகள் ஒழிந்து ஐம்பது வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் ஒழியவில்லை. என் கணவர் நார்மன் போன பிறகு நான் பிறந்த ஊரான ஹெல்லிஃபீல்டுக்கே திரும்பி அண்ணனோடு இருக்க வந்தேன். எனக்குக் கொடுத்த அறையில் பாதி எனக்கு. மீதிப் பாதி கார்லைல் பக்கத்துச் சரக்கு வண்டிப் படங்களுக்கு.

மொத்தம் பதினோராயிரம் படம். அத்தனையிலும் தேடினாலும் ஒரு மனித முகம் கிடைக்காது. அதுதான் இவனைப் போல ரயில் படம் எடுப்பவர்கள் வைத்திருக்கும் சட்டம். வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், இன்ஜின் முக்கால் பக்கமாகத் திரும்பி நிற்க வேண்டும், எண் தெளிவாகத் தெரிய வேண்டும், ஆள் இருக்கக் கூடாது. பிளாட்பாரத்தில் யாராவது நின்றால் அவர்கள் நகரும்வரை காத்திருப்பான். டிரைவரோ ஃபயர்மேனோ எட்டிப் பார்த்தால், “தலையை உள்ள இழுங்க!” என்று கத்துவான். அப்படியும் ஒரு தோளோ முழங்கையோ விழுந்துவிட்டால், வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்து ஓரத்தை நறுக்கிவிடுவான். வியாழக்கிழமை தோறும் தேவாலயக் கூடத்தில் இவனைப் போன்ற பத்துப் பதினோரு கிழங்கள் கூடி, விளக்கை அணைத்துத் திரையில் படம் போட்டுப் பார்க்கும். படத்தில் ஆள் தெரிந்தால் எல்லாரும் ஒன்றாக இருமுவார்கள். நான் டீ கொடுக்கப் போன இடத்தில் என் காதால் கேட்டேன்.

என் கல்யாணத்துக்கு இவனைப் படம் எடுக்கச் சொன்னது என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டிய விஷயம். தேவாலயத்துக்குப் பின்னால் ரயில் பாதை. வந்த படத்தில் எனக்கும் நார்மனுக்கும் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. பின்னால் பள்ளத்தில் போன சரக்கு ரயில் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. முப்பத்தேழு பெட்டி. வேண்டுமானால் எண்ணிக்கொள்ளலாம்.

நாற்பது வருஷம் இந்த ஊரில் தபால்காரனாக இருந்தான். எந்தக் கதவில் என்ன எண் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். கதவைத் திறந்தவர் முகம் ஒன்றுகூட நினைவிருக்காது. கடைத்தெருவில், “என்ன க்ளிஃப், சௌக்கியமா?” என்று யாராவது கேட்டால் என்னைப் பார்த்து முழிப்பான். நான்தான் காதில் ஓத வேண்டும்.

போன மார்ச்சில் ஜில்லியன் என்று ஒரு பெண் கடிதம் எழுதிவிட்டு வந்தாள். பெண் என்றால், அவளுக்கும் அறுபது நெருங்குகிறது. அவளுடைய அப்பா எங்கள் ஊர் லோகோ ஷெட்டில், இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தவர். ஐம்பத்தெட்டாம் வருஷம் நவம்பரில் மோட்டார் சைக்கிளில் போகும்போது விழுந்து இறந்துவிட்டார். இவள் பிறந்தது பிப்ரவரியில். அம்மா மறுமணம் செய்துகொண்டாள். வந்த புண்ணியவான் பழைய படங்களையெல்லாம் கணப்பில் போட்டுக் கொளுத்திவிட்டான்.

“அப்பா முகம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுக்கா,” என்றாள் என்னிடம். “அம்மாவும் போய்ச் சேர்ந்துட்டாங்க. கேக்கவும் ஆள் இல்லை. நீங்கதான் கடைசி.”

அவளிடம் இருந்தது சட்டைப்பையில் வைக்கிற சின்ன நோட்டு ஒன்றுதான். என்றைக்கு எந்த இன்ஜினில் வேலை என்று அவர் தன் கையால் குறித்து வைத்தது. அந்தக் கோடை முழுக்க ஒரே எண்: 43187.

எண்ணைக் கேட்டதும் என் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாடிக்கு ஓடி நிமிஷத்தில் பதினோரு படங்களோடு இறங்கினான். எல்லாம் 43187. பக்கவாட்டில், பாலத்தில், பனியில். பதினொன்றிலும் ஆள் நிற்கிற இடம் காலி.

“எல்லாரும் தலையை இழுத்துக்கிட்டாங்க,” என்றான் பெருமையாக. “நான் சொன்னா கேப்பாங்க.”

அதற்கப்புறம் அந்த இன்ஜினின் கொதிகலனை எந்த வருஷம் மாற்றினார்கள் என்று ஆரம்பித்தான். முக்கால் மணி நேரம். அவளுக்கு ஊற்றிய டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. அவள் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, போதும் நிறுத்து! அவ இன்ஜினையா கேட்டு வந்தா? அந்த வீண் டப்பா எங்கே?”

“அதை எதுக்கு எடுக்கணும்? அதெல்லாம் கெட்டுப்போன படம்.”

“எங்கேன்னு கேட்டேன்.”

“கட்டிலுக்கு அடியில. ஆனா அதுல ஒண்ணும் இல்ல டோரின். வீண்னுதானே எழுதியிருக்கேன்?”

கல்லுளிமங்கனோடு பேசிப் பயனில்லை என்று நானே முட்டி வலியோடு மாடியேறிக் கட்டிலுக்கடியில் தவழ்ந்து அந்த பிஸ்கட் டப்பாவை இழுத்து வந்தேன். அறுபது எழுபது படம் இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, நேரம், வானம் எப்படி என்ற குறிப்பு, அப்புறம் கெட்டுப்போன காரணம். ‘நாய். வீண்.’ ‘குடை. வீண்.’ ‘டோரின். வீண்.’ ஆமாம், நானும் இருந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது, ரெட்டைச் சடை. எவ்வளவு அழகாக இருந்திருக்கிறேன்! பாவி, இதைப் போய்க் கட்டிலுக்கடியில் போட்டிருக்கிறான்.

ஜில்லியன் ஒன்றைக் கையில் எடுத்தவள் அப்புறம் கீழே வைக்கவே இல்லை.

இன்ஜினிலிருந்து ஓர் ஆள் இடுப்புவரை வெளியே சாய்ந்து நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். முகமெல்லாம் கரி. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. ஜில்லியனுக்கும் அதே இடைவெளி. வந்ததிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். பின்னால் எழுதியிருந்தது: ‘16 ஆகஸ்ட் 1958. காலை 10.40. நல்ல வெயில். ஆள் கெடுத்தான். வீண்.’

அவள் நோட்டைப் புரட்டினாள். “ஆகஸ்ட் பதினாறு. 43187. ஸ்கிப்டன் போற வண்டி. இதுதானே ஐயா? இவர்தானே?”

என் அண்ணன் படத்தை வாங்கி மூக்கருகே பிடித்தான். “சொல்ல முடியாதும்மா. பாருங்க, கையில இருக்கற துணி எண்ணை மறைச்சிடுச்சு. அதனாலதான் வீண்னு போட்டேன். எண் இல்லாம எந்த வண்டின்னு எப்படிச் சொல்றது? அன்னிக்கு எட்டு வண்டி போச்சு.”

“அடப்பாவி!” என்று நான் கத்தியே விட்டேன். “அந்தப் பல்லைப் பாரு! இந்தப் பல்லைப் பாரு! கண்ணு என்ன பொட்டையா?”

“பல்லெல்லாம் எனக்குத் தெரியாது டோரின்.”

தலையில் அடித்துக்கொண்டேன். அவன் பூதக்கண்ணாடியை எடுத்து அந்தச் சிரிப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, கீழே போனான். ரொம்ப நேரம் அங்கேயே நின்றான்.

“இன்ஜின்ல ஏர்ற மேல்படி வளைஞ்சிருக்கு,” என்றான். “நிலக்கரி மேடையில இடிச்சது. எண்பத்தேழுக்குத்தான் அப்படி. எங்க ஷெட்ல வேற எதுக்கும் கிடையாது.” கண்ணாடியை இறக்கினான். “உங்க அப்பாதாம்மா.”

ஜில்லியன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே அவனைப் பார்த்தேன். அவன் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் படியை அல்ல.

“எனக்கு இவரை ஞாபகம் இருக்கு,” என்றான். நான் அசந்துபோனேன். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. “தலையை உள்ள இழுங்கன்னு கத்தினேன். இழுக்கல. ‘தம்பி, என்னையும் ஒண்ணு எடேன், வீட்டுக்காரிக்குக் காட்டணும்’னாரு. கையில இருந்தது கடைசிப் படம். அதுலயும் வந்து விழுந்துட்டாரேன்னு எனக்குக் கோவம். மறு வாரம் ஷெட்டுப் பக்கம் போனப்ப ‘எங்கே என் படம்?’னு கேட்டாரு. கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன்.”

திட்டுவதற்கு எனக்கு அறுபது வருஷத்துச் சரக்கு இருந்தது. ஜில்லியனின் ஆறிப்போன டீயை எடுத்து ஓரமாக வைத்தேன்.

பிறகு அவன் மேஜை இழுப்பறையைத் திறந்து கத்தியையும் இரும்பு ஸ்கேலையும் எடுத்தான். பாய்ந்து கையைப் பிடித்தேன்.

“என்ன பண்றே? பைத்தியமா உனக்கு?”

“விடு டோரின். இன்ஜினைத்தான் நறுக்கப் போறேன். இவங்களுக்கு ஆள்தானே வேணும்? வண்டி எதுக்கு?”

பதினோராயிரம் படத்தில் ஒரு இன்ஜினின் ஆணியைக்கூட இவன் நறுக்கியதில்லை. நான் கையை விட்டுவிட்டேன்.

ஜில்லியன்தான் தடுத்தாள். “வேண்டாம் ஐயா. வெட்டாதீங்க. அது அவர் நின்ன இடம்.”

அவன் கத்தியை மூடினான். படத்தைத் திருப்பி வைத்து, ‘ஆள் கெடுத்தான். வீண்’ என்பதை ரப்பரால் அழித்தான். அறுபது வருஷத்துப் பென்சில், லேசில் போகவில்லை. அப்புறம் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு, “அப்பா பேர் என்னம்மா?” என்று கேட்டான்.

“ஆர்னல்ட் ஹெசல்டன்.”

அதை எழுதிய பிறகுதான் எண்ணை எழுதினான்.