லேசானது என்று சொன்னவள்

எங்கள் அறையில் அவளுக்கு ஜோசியம் என்று பெயர். கேலியாக நான் வைத்ததுதான். இரண்டே வாரத்தில் அது மரியாதைப் பெயராகிவிட்டது. தேநீர் கொண்டுவருகிறவர்கூட, "ஜோசியம் அம்மாவுக்குச் சர்க்கரை கம்மி" என்று தனியாக எடுத்து வைப்பார்.

கொரோனா காலத்தில் நகராட்சிக் கட்டடத்தின் மாடியில், கூட்டம் நடத்தும் அறையில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். நீளமான மேசை, வரிசையாகத் தொலைபேசிகள், ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் அதிகாரிகள் வந்தால் அவர்கள் பக்கம் திரும்பிக்கொள்ளும். தொற்று உறுதியாகி, வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லப்பட்டவர்களைத் தினமும் கூப்பிட்டு விசாரிப்பது எங்கள் வேலை. வயது, காய்ச்சல், இருமல், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். கூட்டிப் பார்த்து, இவருக்கு லேசாகவே போய்விடும், இவருக்கு முற்றக்கூடும் என்று பிரிக்க வேண்டும். முற்றக்கூடியவர்களுக்கு ஆம்புலன்ஸும் படுக்கையும். மற்றவர்களுக்கு மாத்திரையும் தைரியமும். நான் தண்ணீர் வரிப் பிரிவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவள். இந்த ஆள் அடுத்த மாதமும் வரி கட்ட மாட்டான் என்பதைத் தவிர, அதுவரை நான் எதையும் முன்கூட்டிச் சொன்னதில்லை.

அவள் மின்வாரியத்தின் மின்தடைப் புகார் பிரிவிலிருந்து வந்தவள். கரண்ட் போன கோபத்தில் கத்துகிறவன் குரலையும், வீட்டில் ஒயர் தீய்ந்து பயத்தில் கத்துகிறவன் குரலையும் பிரித்துக் கேட்டே காலத்தை ஓட்டியவள். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த இளம் டாக்டர், போனிலேயே மூச்சைப் பார்க்க ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். நோயாளியை ஒன்றிலிருந்து ஒரே மூச்சில் எண்ணச் சொல்ல வேண்டும். பாதியில் திணறினால் ஆபத்து. நாங்கள் அதை ஏனோதானோவென்று கேட்போம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ரிசீவரைக் காதோடு அழுத்திக் கேட்பாள்.

"எட்டுக்கு மேல மூச்சு இழுக்கறாரு. வண்டி அனுப்புங்க" என்பாள். மதிப்பெண் கம்மியாக இருந்தாலும் பிடிவாதமாக நிற்பாள். ஒரு பழவியாபாரியை அப்படித்தான் சண்டை போட்டு அனுப்பினாள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும் என்று மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி, "அந்த அம்மா இருக்காங்களா, அவங்க வாயால சொல்லட்டும்" என்றுதான் இருந்தன. அவள் "லேசானதுதான், பயப்படாதீங்க" என்று சொன்னால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

டாக்டர் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். "அக்கா, எண்ணச் சொல்றதெல்லாம் ஒரு துணைக்குத்தான். சில பேருக்கு ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கிட்டே போகும், ஆள் பாட்டுக்கு நல்லாப் பேசிட்டு இருப்பாங்க. அதை மட்டும் நம்பிடாதீங்க."

"சரிங்க டாக்டர்" என்பாள். அது எப்படிப்பட்ட சரி என்று எனக்குத் தெரியும். என் மகளும் எனக்கு அதே சரியைத்தான் சொல்வாள்.

அவளுக்கு எல்லாமே அண்ணன்தான். அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, அவள் கல்யாணம் வேண்டாம் என்றபோது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டவர். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். வழியில் நிற்கும் ஊர்கள் அத்தனையையும் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார். பயணிகள் வண்டியை விட்டுவிட்டு வாய் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் குளியலறை காலியானதைக்கூட அறிவிப்பாகத்தான் சொல்வாராம். தொற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்று அவள் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டாள். தொற்று பேருந்து நிலையத்திலிருந்து அண்ணனோடு வீட்டுக்குப் போனது.

அவர் எண் எங்கள் தாளில் வந்ததும் அவளே எடுத்துக்கொண்டாள்.

"அண்ணா, ஒண்ணுலேர்ந்து எண்ணு."

"எண்றதெல்லாம் சின்னப் பசங்களுக்கு. நான் வண்டியை விடறேன், நீ கேட்டுக்கோ."

அவள் போனின் ஒலிபெருக்கியைப் போட்டாள். பயணிகளின் கவனத்துக்கு என்று தொடங்கி, மூன்றாம் நடைமேடை விரைவு வண்டி நிற்கும் ஊர்கள் முழுக்க வந்தன. எங்கேயும் ஓர் இடறல் இல்லை. அறையே கைதட்டியது. "சரி, வண்டி கிளம்புது, வைக்கிறேன்" என்று அவரே துண்டித்தார். அவள் தாளில் 'லேசானது' என்று எழுதிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி ஒன்றை எடுத்து வந்தார். எங்களிடம் இருந்ததே கொஞ்சம். "வீட்டுக்கு அனுப்பி வைங்கக்கா."

"சர்க்கரைக்காரங்க எத்தனையோ பேர் இது இல்லாம இருக்காங்க. அவங்களுக்குக் குடுங்க டாக்டர். என் அண்ணன் மூச்சு எனக்குத் தெரியாதா?"

சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினாள் என்ற பேச்சு வரக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது. நல்ல எண்ணம்தான்.

தினமும் காலையில் கூப்பிட்டாள். தினமும் அவர் வண்டி விட்டார். ஒருநாள் ஊர்கள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன.

"என்ன அண்ணா, இன்னைக்கு இவ்வளவுதானா?"

"இது இடைநில்லா வண்டிம்மா. நடுவுல எங்கயும் நிக்காது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். குரலில் பிசிறே இல்லை. அவர் தொழில் அது. இருக்கிற கொஞ்சம் காற்றை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்று ஆயுள் முழுக்கப் பழகியவர். ஒன்று இரண்டு என்று எண்ணுகிற பழவியாபாரியையும் அவரையும் ஒரே தராசில் நிறுத்தினோம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காலையில் அவள் கூப்பிட்டபோது அண்ணிதான் எடுத்தார். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, உதடு நீலமாக இருக்கிறது என்றார். ஆம்புலன்ஸை அனுப்பினோம். மருத்துவமனை வாசலில் விரலில் கருவியை மாட்டியவர்கள், எத்தனை நாளாக மூச்சுத் திணறல் என்று கேட்டிருக்கிறார்கள். "திணறலே இல்லீங்களே, லேசானதுதான்னு சொல்லியிருக்காங்க" என்று பதில் சொல்லியிருக்கிறார் அண்ணி. படுக்கை தேடிக்கொண்டிருக்கும்போதே நடைபாதையில் உயிர் போய்விட்டது. முகத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லை. உறையில் சுற்றிக் கொடுத்தார்கள்.

அந்த வாரமே அவள் வீட்டுக்குப் போனாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். முகக்கவசத்தோடு வாசலிலேயே நின்றோம். உள்ளே ஜன்னலோரம் அண்ணி உட்கார்ந்திருந்தார். யாரும் யாரையும் கட்டிப் பிடித்து அழக்கூட முடியாத துக்கம் அது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"உன் போன் வர்ற நேரத்துக்கு முன்னாடியே எழுந்துக்குவாரு" என்றார் அண்ணி. "இங்கதான் நாற்காலியைப் போட்டு உட்காருவாரு. நல்லா மூச்சை இழுத்து இழுத்து விட்டுத் தயார் ஆவாரு. உன்கிட்டப் பேசி முடிச்சதும் அப்படியே கட்டில்ல சாஞ்சிடுவாரு. ரொம்ப நேரத்துக்குப் பேச்சே வராது. நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கும்."

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"சொல்லணும்னு ஒருநாள் போனைக்கூட எடுத்தேன். அவரு பிடுங்கி வச்சுட்டாரு. அவளே லேசானதுன்னு சொல்லிட்டா, உனக்கென்ன தெரியும்னாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. ஊரே உன்னைக் கேக்குது. நான் கண்ணால பார்த்தது பெருசா, நீ சொன்னது பெருசா?"

அண்ணி குத்திக்காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. குத்திக்காட்டியிருந்தால் அவளும் இரண்டு வார்த்தை பேசி, அழுது தீர்த்திருப்பாள்.

மறுநாள் வேலைக்கு வந்தாள். எண்ணச் சொல்வதை விட்டுவிட்டாள். "பக்கத்துல யாராவது இருக்காங்களா? அவங்ககிட்டக் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தாள். குளிக்கப் போய் வந்தால் உட்கார்ந்துவிடுகிறாரா, போனை வைத்ததும் படுத்துவிடுகிறாரா என்று கூட இருப்பவர்களைக் குடைந்தாள். யாரும் கூட இல்லாதவர்களுக்கு யோசிக்காமல் ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னாள். 'லேசானது' என்று எழுதும் கட்டத்தில் பேனாவை வைத்தால் கை நகராது. படுக்கை இல்லாத ஊரில் எத்தனை பேரை அனுப்புவது? டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசியில் அவளைப் போனிலிருந்து எடுத்து, மாத்திரைப் பொட்டலம் கட்டும் மேசைக்கு மாற்றினார்.

அடுத்த சில நாளில் என் தாளில் ஒரு எண் வந்தது. கூப்பிட்டால் அண்ணியின் குரல். காய்ச்சல், உறுதியாகிவிட்டது. நான் கேள்விகளை ஆரம்பித்தேன்.

"நீ இரும்மா. அவகிட்டக் குடு. எனக்கு அவதான் சொல்லணும்."

ரிசீவரைப் பொத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். பொட்டலத்தை வைத்துவிட்டு வந்து வாங்கினாள். நான் வேண்டுமென்றே ஒட்டுக் கேட்கவில்லை. அண்ணியின் குரல் எனக்கும் கேட்டது.

"எண்ணட்டுமா?"

"வேணாம் அண்ணி."

"அப்ப நீயே சொல்லிடு. லேசானதுதானே? நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் நிம்மதியா படுத்துக்குவேன்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அண்ணி காத்திருந்தார். அறையில் மற்றவர்கள் யார் யாரையோ எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியல அண்ணி" என்றாள். "தூங்காதீங்க. நான் வீட்டுக்கு வந்து உங்க பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன். கதவை மட்டும் திறந்து வைங்க."

ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வேலை போய்விடும் என்று அதிகாரி சொன்னது அவள் காதில் விழவில்லை. நான் அண்ணியின் வயதையும் காய்ச்சலையும் போட்டுக் கூட்டினேன். தாளில் லேசானது என்றுதான் வந்தது.