சனிக்கிழமை மட்டும் அதிரும் டர்பைன்

1987 அக்டோபர் 14ஆம் தேதியிட்ட அறிக்கையில், டர்பைனின் சுழல்தண்டில் எடை சேர்த்துச் சமன்செய்ய நான் பரிந்துரைத்ததாக ஆலை நிர்வாகம் எழுதியுள்ளது. நான் பரிந்துரைக்கவில்லை, எதிர்த்தேன். எதிர்த்த வேலைக்கே என் பெயரைப் பொறுப்பாக்கியது பொய் என்று குற்றம் சாட்டுகிறேன்.

நான் ரைலி ஹொன்காசுவோ. இக்காகித ஆலையில் காகிதச் சுருள்களைப் பொதியும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள். அதிர்வை அளக்க எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. ஊர் நூலகத்தின் நூல்களையும் பழுதான பம்புகளையும் வைத்துக் கற்றேன். அளந்த ஒவ்வொரு தாளின் நகலும் என்னிடம் உண்டு.

தண்டில் ஒருபக்கம் எடை மிகுந்தால் அது சுற்றுக்கு ஒருமுறை உலுக்கும். எங்கள் டர்பைனோ சுற்றுக்கு இருமுறை குலுங்கியது. அதுவும் சனிக்கிழமை மாலைகளில் மட்டும். அந்நேரம் ஊரே சௌனா என்னும் வெப்ப அறையில் வியர்த்துவிட்டு வெந்நீரில் குளிக்கிறது. அதற்கான நீராவி டர்பைனிலிருந்தே போகிறது. அந்த நீராவிக் குழாய் சூடேறி நீளும்போது அதைச் சுமக்கும் தாங்கி வழுக்கி நகர வேண்டும். அது துருவேறி இறுகியிருந்தது. துருவின் மேலேயே பெயிண்டும் அடித்திருந்தார்கள். நகர முடியாத குழாய் டர்பைனைத் தள்ளியது. டர்பைனின் தண்டும் அதோடு இணைந்த ஜெனரேட்டரின் தண்டும் நேர்க்கோட்டிலிருந்து விலகின; அந்த விலகல்தான் சுற்றுக்கு இருமுறை உலுக்கும்.

பராமரிப்பு மேலாளர் என்சியோ லெஹ்தோவாராவிடம் சொன்னேன். சிரித்தார்.

"ஏம்மா, ஊர்க்காரங்கள குளிக்க வேணாம்னு நோட்டீஸ் ஒட்டச் சொல்றியா?"

"நல்லா குளிக்கட்டும். அந்தத் தாங்கிய நகர விடுங்கன்னுதான் சொல்றேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒருதடவ வந்து பாருங்க."

"சௌனாவ விட்டுட்டு எவன்மா வருவான்? செவ்வாய்க்கிழமை வர்றோம்."

செவ்வாயன்று குழுவாக வந்தார்கள். டர்பைன் அமைதியாக ஓடியது. அதை இயக்கும் உர்ஹோ என்னைச் சீண்டினான்.

"என்னக்கா, உங்க பேய் இன்னிக்கு லீவா?"

"லீவு பேய்க்கு இல்லடா, சனிக்கிழமை வராத இவங்களுக்கு!"

எந்த இயந்திரத்திலும் இருக்கும் சிறு உலுக்கலை அன்று என்னை அளக்கச் சொல்லி, நான் எதிர்த்தும் எடை சேர்க்க முடிவெடுத்தார்கள். அறிக்கையில் என் பெயரைக் கண்டதும் மேலாளரிடம் போனேன்.

"அளந்தது நீதானே? அப்ப உன் பேருதான் வரும்."

"அளந்தது நான். முடிவு பண்ணது நீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான், போம்மா."

இரண்டும் ஒன்றல்ல. நவம்பரில் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்போது, சரியாகவே இருக்கும் தண்டில் எடை ஏற்றினால் டர்பைன் எல்லா நாளும் குலுங்கும். பழி என் மேல் விழும். இனி இந்த ஆலையில் என் அளவீட்டை எவர் நம்புவார்?

ஆகவே, டர்பைனைத் திறப்பதற்கு முன் என் பெயரை அந்தப் பரிந்துரையிலிருந்து நீக்க வேண்டும். தாங்கியை விடுவிக்க மறுப்பதற்கான காரணத்தையும் கூற வேண்டும். இரண்டுக்கும் மேலாளரின் கையொப்பத்துடன் எழுத்துப்பூர்வமான பதில் கோருகிறேன்.