ஒட்டாத காந்தம்

எங்கள் பராமரிப்பு மேலாளர் சட்டைப் பையில் பேனா வைத்து நான் பார்த்ததில்லை. ஒரு காந்தம் வைத்திருந்தார். பட்டர்வொர்த் கரையோரத்தில் இருந்த எங்கள் தொழிற்சாலைக்கு வரும் ஒவ்வொரு வால்வின் மீதும் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டாமல் வழுக்கினால் உயர்ந்த எவர்சில்வர் எஃகு, கடல்நீர்க் குழாயில் மாட்டலாம் என்பது அவர் தீர்ப்பு. தன் பணி ஓய்வு விருந்தில் எங்களுக்கு ஆளுக்கொரு காந்தம் பரிசளித்தார். என்னுடையது இன்று ஜார்ஜ் டவுன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மின்கட்டண ரசீதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

நான் அங்கே பொருள் ஆய்வுப் பொறியாளர். படகுத்துறைத் தீயணைப்புக் குழாயில் கடல்நீர் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். அப்படி நிற்கும் உப்புநீர், எவர்சில்வரை வெளியே பளபளக்க விட்டுவிட்டு இடுக்குகளில் ஊசித் துளைகளாகத் தின்னும். கடல்நீரைத் தாங்கும் நிக்கல் அலுமினிய வெண்கலம் போடுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன். மேலாளர் காந்தத்தை மேசையில் உருட்டிக்கொண்டே சிரிப்பார். “வெண்கலம் கோயில் மணிக்குத்தான்லா, எஞ்சினியர். மேக்னட் ஒட்டல, பாத்தீங்கல்ல? முடிஞ்சது கதை.”

தீயணைப்புப் பயிற்சியன்று படகுத்துறை ஆபரேட்டர் அண்ணன் அந்தக் குழாயின் வால்வைத் திறந்தார். உள்ளே அரித்திருந்த தண்டு முறிந்து, கைச்சக்கரத்தோடு பாய்ந்து அவருடைய வலது மணிக்கட்டை நொறுக்கியது. விசாரணையில் மேலாளர், “சாமான் நல்ல சாமான். ஆளுதான் முரட்டுத்தனமா திருப்பிட்டாரு” என்றார். தண்டு முறிந்த இடத்தைப் பாருங்கள் என்று நீட்டினேன், ஒருவரும் குனியவில்லை. ஆபரேட்டரின் தவறு என்று முடித்தார்கள். அண்ணனுக்கு வேலை போயிற்று. மேலாளருக்குப் பதவி உயர்வு, அதுவும் பாதுகாப்புப் பிரிவுக்கு!

போன வாரம் அண்ணன் என் வீட்டுக்கு வந்திருந்தார். இடது கையால் தேநீரை எடுத்தபடி, “நானும் கொஞ்சம் பொறுமையா திருப்பியிருக்கலாம், தம்பி” என்றார். இத்தனை ஆண்டுகள் நான் சொன்னதை அவர் நம்பவில்லை; அவர்களுடைய தீர்ப்பைத்தான் நம்பியிருக்கிறார். எடுத்து வைத்திருந்த முறிந்த தண்டை, அவர் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்தும், அவர் மடியில் வைத்தேன்.

“தடவிப் பாருங்கண்ணே. எல்லாம் ஓட்டை. சின்னப் பிள்ள திருப்பியிருந்தாலும் ஒடிஞ்சிருக்கும்.”

நெடுநேரம் தடவினார். “அப்போ என்னைய ஏன்லா வெளியாக்குனாங்க?”

குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து காந்தத்தைப் பிடுங்கித் தண்டின் மீது வைத்தேன். வழுக்கித் தரையில் விழுந்தது. மேலாளரின் சோதனையில் அந்தத் தண்டு இன்றைக்கும் நல்ல சாமான்தான்.