பின்னறையில் துரு

சாவிக்காரருக்குப் பயம் கூடப்பிறந்தது. ஊரார் வீட்டுப் பூட்டையெல்லாம் ஒரு வளைந்த கம்பியால் திறந்துவிடுகிற மனிதர், தன் வீட்டுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவார். இருமினால் காசநோய், ஏப்பம் விட்டால் மாரடைப்பு. அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். "இவருக்கு வராத வியாதி பிரசவ வலி ஒண்ணுதான்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவர் நாய் வளர்த்தார் என்றால் நம்புவது கடினம். அவராகத் தேடிப் போகவில்லை. ஒரு மழை நாளில் பாதி இறக்கியிருந்த கடை ஷட்டருக்கு அடியில் நுழைந்து, நனைந்த குட்டி ஒன்று சாவி வெட்டும் மெஷினுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. அவர் முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "போ, போ" என்றார். மெஷின் ஓடும்போது விழுகிற பித்தளைத் தூள் முதுகில் மினுமினுக்க, அது கொட்டாவி விட்டது. மழை விட்டும் போகவில்லை. மனைவி வந்து பார்த்து, "பழைய இரும்பு மாதிரி என்ன ஒரு நிறம்! இதுக்குத் துருன்னு பேர் வைங்க" என்றாள். பெட்டைக் குட்டி. அன்றோடு அவருடைய பயங்களின் கணக்கில் ஒரு உயிர் கூடியது.

துரு சாப்பிடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ரோமத்தைப் பிளந்து பிளந்து உண்ணி தேடுவார். ஆனால் மனித மனம் விசித்திரமானது. எல்லாவற்றுக்கும் அஞ்சிய அந்த மனிதர், அஞ்ச வேண்டிய ஒன்றைத் தள்ளிப்போட்டார். வருடா வருடம் போட வேண்டிய வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதல் இரண்டு தடவை தவறாமல் போட்டார். பிறகு நாய் டாக்டரம்மா ஊரின் மறுகோடிக்கு இடம் மாறிப் போய்விட்டார். ஆட்டோக்காரர்கள் நாயை ஏற்ற மறுத்தார்கள். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம். இவ வீட்ட விட்டா கடை, கடைய விட்டா வீடு. இவளை எது கடிக்கப் போகுது?" என்று சொல்லிக்கொண்டார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

ஒருநாள் காலை, கடை திறக்கப் போகும் வழியில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் அது நடந்தது. முன்பின் பார்த்திராத கறுப்பு நாய் ஒன்று குடிகாரன் போலத் தள்ளாடிக்கொண்டு வந்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. அது யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து துருவின் காதைக் கவ்வியது. சாவிக்காரர் கத்தினார். கையிலிருந்த கருவிப் பையால் அடித்தார். கறுப்பு நாய் பிடியை விடாததால் துருவின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். எப்படியோ பிரிந்தது. கறுப்பு நாய் ஒன்றுமே நடக்காதது போல, சுவரில் ஒரு தரம் மோதிக்கொண்டு, தன் வழியே போனது.

துருவை இழுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். வாசற்படியில் மாடி வீட்டு டீச்சரின் மகள் உட்கார்ந்திருந்தாள். வாண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பள்ளிக்குப் போகுமுன் துருவுக்கு ஒரு பிஸ்கட் கொடுக்காமல் போக மாட்டாள். "ஐயோ, துருவுக்கு ரத்தம்!" என்று ஓடி வந்து, அவர் வாயைத் திறப்பதற்குள், இரண்டு கையாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஈரமான காதில் கன்னத்தை வைத்துவிட்டாள். அவள் முழங்கையில் முந்தின நாள் சைக்கிளில் விழுந்த சிராய்ப்பு இன்னும் காயவில்லை.

அந்த ஈரம் கறுப்பு நாயின் எச்சில் என்று சாவிக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த இடத்தில் ஒரு நொடி, வாயை மூடிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றியதாம். பின்னாளில் மனைவியிடம் அவரே சொன்னார். ஒன்றும் இல்லாததற்கு ஊரைக் கூட்டுவானேன்? கறுப்பு நாய்க்கு வேறு ஏதாவது சீக்காகக்கூட இருக்கலாம். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "டீச்சர்! கீழ வாங்க! சோப்பு எடுத்துட்டு வாங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

டீச்சர் இறங்கி வந்தார். நடந்ததைக் கேட்டதும் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மகளைக் குழாயடிக்கு இழுத்துப் போய் முழங்கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். குழந்தை எரிகிறது என்று அழுதாள். டீச்சர் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, துருவுக்கு ஊசி போட்டிருக்கீங்கல்ல?"

சாவிக்காரர் துருவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்களைத்தான் கேக்குறேன். போட்டிருக்கீங்கல்ல?"

"போன வருஷம் வரைக்கும் போட்டேன் டீச்சர். இந்த வருஷம்... விட்டுப்போச்சு."

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் சாவிக்காரர் தன் கையைப் பார்த்தார். பட்டையைப் பிடித்து இழுத்தபோது விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. பல் பட்டதா, பட்டையின் கொக்கி பட்டதா, தெரியவில்லை.

மனைவி மருந்துக் கடையிலிருந்து ஓடி வந்தாள். அவள் கேலி செய்யவில்லை என்பதிலேயே விஷயத்தின் கனம் அவருக்குப் புரிந்துபோயிற்று. "கையைக் குழாயில காட்டுங்க. கால் மணி நேரம் எடுக்கக் கூடாது. அப்புறம் நேரா ஆஸ்பத்திரி" என்றாள். ஊசியென்றால் மயங்கி விழுகிற மனிதர், அன்று இரண்டு கையையும் தானாகவே நீட்டினார்.

துருவைப் பழம் விற்கிற நண்பர் ஒருவரின் வண்டியில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு காயத்தைக் கழுவி, தடுப்பூசியும் போட்டார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"சார், முன்னாடி ரெண்டு தடவை போட்டது நல்லதாப் போச்சு. அதுக்கு மேல இப்பவும் போட்டாச்சு. தப்பிக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஆனா உறுதியாச் சொல்ல என்னால முடியாது. தனி அறையில வெச்சு வாரக்கணக்கா கவனிக்கணும். யாரும் தொடக் கூடாது. குரல் மாறினா, தண்ணி இறங்கலைன்னா, தாடை தொங்கினா, எச்சில் வடிஞ்சா உடனே எனக்கு போன் பண்ணுங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. எது நடந்தாலும் அது வாய்க்குள்ள கைய விடாதீங்க."

கறுப்பு நாய் மறுநாள் பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலேயே செத்துக் கிடந்தது. நகராட்சி ஆட்கள் எடுத்துப்போய்ப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த வார இறுதியில் டாக்டரம்மா போன் செய்தார். வெறிநோய்தான். சந்தேகமே இல்லை.

வீட்டின் பின்னறை, பழைய பூட்டுகளும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைக்கிற இடம். அதைக் காலி செய்து துருவை அடைத்தார்கள். கதவின் கீழ்ப்பக்கம் ஒரு சிறு சட்டத்தை அறுத்து, தட்டை நீளக் கம்பியால் தள்ளும்படி சாவிக்காரர் ஏற்பாடு செய்தார். கதவுக்குத் தன் கடையிலேயே கனமான பூட்டைத் தேடிப் போட்டார். வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். துரு தும்மினால் எழுந்து நிற்பார். மூலையைப் பார்த்துப் படுத்தால் வெளிச்சத்துக்குக் கூசுகிறதோ என்பார். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். கேட்டதும், "குடிச்சிட்டா, குடிச்சிட்டா" என்று அடுப்படிக்கு ஓடுவார். துருவோ காரணம் புரியாமல் கதவைப் பிராண்டியது. அவர் குரல் கேட்டால் முனகியது. பொழுது போகாமல் கதவுச் சட்டத்தைக் கடித்துச் சிம்பு சிம்பாக்கியது.

மனைவியின் தம்பி ஒருநாள் வந்தான். "மாமா, எதுக்கு இந்தத் தலைவலி? என் வண்டியில ஏத்துங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கி விட்டுட்டு வந்துடறேன். அது பாட்டுக்குப் பிழைச்சுக்கும்."

சாவிக்காரர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினார். "அங்க மனுஷங்க இல்லையா மாப்பிள்ளை? அங்க குழந்தைங்க இல்லையா? எனக்கு வந்த பயத்தை இன்னொருத்தன் வீட்டு வாசல்ல கொண்டுபோய்க் கொட்டச் சொல்றியா?"

மைத்துனன் காப்பியைக்கூட முடிக்காமல் போய்விட்டான்.

டீச்சர் வீட்டு மாடிக் கதவு சாத்தியே கிடந்தது. வாண்டு ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது படிக்கட்டில் அவளுடைய விசும்பல் கேட்கும். ஒருநாள் படியில் எதிர்ப்பட்டபோது டீச்சர் நின்றார். "அண்ணே, ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து அவ தண்ணி குடிக்கிறாளான்னு பாக்குறேன். டாக்டர் பயமில்லைன்னு சொல்லிட்டார். எனக்குத்தான் போக மாட்டேங்குது" என்றார். அவ்வளவுதான். சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தானும் கீழே அதையேதான் செய்துகொண்டிருப்பதாகச் சொல்ல நா எழவில்லை.

டாக்டரம்மா சொன்ன கெடு முடிய இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. ஒரு நடுப்பகலில் சாப்பாட்டை உள்ளே தள்ளிவிட்டுக் காத்திருந்தார். துரு வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. இடுக்கில் கண்ணை வைத்தார்.

துரு அறையின் நடுவே நின்றுகொண்டிருந்தது. வாய் மூடவில்லை. தாடை தொங்கியது. எச்சில் கயிறு கயிறாகத் தரையில் வடிந்தது. தண்ணீர்ச் சட்டியின் மேல் குனிந்தது. நாக்கு நீரில் பட்டதும் ஓங்கரித்து, தலையை உதறிக்கொண்டு பின்வாங்கியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது துருவின் குரலே இல்லை.

டாக்டரம்மா சொன்ன அடையாளங்கள் ஒன்றுகூடக் குறையவில்லை.

பூட்டைத் திறந்து உள்ளே போய் அதன் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற வெறி ஒரு பக்கம். வாண்டுவின் முகம் ஒரு பக்கம். சாவி கையிலேயே இருந்தது. துரு அவரைப் பார்த்து வாலை ஒரே ஒரு தடவை ஆட்டியது. அவர் சாவியை மனைவியிடம் கொடுத்தார். "நான் கேட்டாலும் குடுக்காதே" என்றார். பிறகு போனை எடுத்தார். எண் இரண்டு தடவை தப்பாக விழுந்தது. மனைவிதான் போட்டுக் கொடுத்தாள்.

டாக்டரம்மா உதவியாளரோடு வந்து சேரும் வரை, அவர் கதவின் வெளிப்புறம் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். "ஒண்ணுமில்லடி. டாக்டரம்மா வந்துடுவாங்க. நான் இங்கதான் இருக்கேன்." மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் படிக்கட்டில் நின்று கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

டாக்டரம்மா இடுக்கு வழியாக வெகுநேரம் பார்த்தார். முகத்தில் எதையும் காட்டவில்லை. "எப்படியிருந்தாலும் மயக்கம் குடுக்காம கிட்ட போக முடியாது" என்றார். நீளக் கம்பின் நுனியில் ஊசியைப் பொருத்திக் கதவிடுக்கு வழியாகப் போட்டார். துரு மெல்ல மடங்கிச் சாய்ந்தது. அது விழுந்த சத்தம் கேட்டதும் சாவிக்காரர் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டார். இனி அது எழாது என்றே நினைத்தார்.

முழங்கை வரை தடித்த கையுறை, முகத்துக்கு மறைப்பு, எல்லாம் அணிந்துகொண்டு டாக்டரம்மா உள்ளே போனார். டார்ச் வெளிச்சம் அசைந்தது. ஏதோ இரும்புக் கருவியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சார், இங்க வாங்க. கிட்ட வர வேண்டாம், அங்கேயிருந்தே பாருங்க" என்றார்.

இடுக்கியின் நுனியில் ரத்தமும் எச்சிலுமாக ஒரு மரத்துண்டு இருந்தது. துரு கடித்துத் துப்பிய கதவுச் சட்டத்தின் சிம்பு. மேல் அண்ணத்தில், இந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே குறுக்காகச் செருகிக்கொண்டிருந்திருக்கிறது.

"இதோட எப்படி வாய மூடும்? எப்படித் தண்ணி குடிக்கும்? பார்த்தா அச்சு அசலா வெறிநோய் மாதிரியே இருக்கும். நானே நடுங்கிட்டேன்" என்றார் டாக்டரம்மா.

"அப்போ அது இல்லையா?" என்றார் சாவிக்காரர்.

"இன்னிக்குப் பார்த்தது வெறிநோய் இல்லை. ஆனாலும் கெடு முடியற வரைக்கும் அடைச்சேதான் வைக்கணும். நீங்க கைய விட்டிருந்தா, வலி தாங்காம அதுவே உங்களைக் கடிச்சிருக்கும். நல்ல வேளை, பேசாம இருந்தீங்க."

படிக்கட்டிலிருந்து டீச்சர் இறங்கி வந்தார். சாவிக்காரரின் மனைவி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் அழுதார்கள். எதற்கென்று தனியாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கெடு முடிந்தது. துருவுக்கு ஒன்றும் வரவில்லை. வாண்டுவும் எல்லா ஊசியும் போட்டு முடித்தாள். சாவிக்காரரின் கையும் ஆறியது. ஆனாலும் டீச்சர் மகளைத் துருவிடம் அனுப்பப் பல மாதம் ஆயிற்று. அனுப்பியபோதும் கூடவே வந்து நின்றார். அதைச் சாவிக்காரர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரே பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றிக் குட்டையாகப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு வருடத்தில் ஒரு நாள் அவர் கடையைத் திறப்பதில்லை. அன்றைக்கு டாக்டரம்மா தெருமுனைக்கு வருவார். தெருவில் திரிகிற நாய்களையெல்லாம் ரொட்டி காட்டிப் பிடித்துத் தடுப்பூசி போடுவார்கள். வலை பிடிக்க மைத்துனன், கணக்குக் குறிக்க டீச்சர். நாய்களின் வாய்ப்பக்கம் நிற்கிற வேலை சாவிக்காரருக்கு. முழங்கால் ஒன்றோடொன்று மோத, வியர்த்து வழிந்தபடி அவர் நிற்பார். "பயமா இருந்தா தள்ளி நில்லுங்களேன் சார்" என்று டாக்டரம்மா ஒரு தடவை சொன்னார்.

"இருக்குது டாக்டரம்மா" என்றார் அவர். "நீங்க ஊசியப் போடுங்க."